சொல் விளக்கம்: கேதோடு கோட்டிங்

லித்தியம் அயனி பேட்டரி பற்றிய கட்டுரையில் 'கேதோடு கோட்டிங்' என்று வந்தால், அகராதியைப் புரட்டி 'எதிர்மின்வாய்ப் பூச்சு' என்று எழுதிவிடுவோம். பொருள் தலைகீழாகிவிடும்.

கேதோடு என்பது மின்கலத்தின் இரண்டு மின்முனைகளில் ஒன்று. கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். 'கீழிறங்கும் வழி' என்று பொருள். 1834இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே கேட்க, அறிஞர் வில்லியம் ஹியூவெல் எடுத்துக்கொடுத்த பெயர். மின்னோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே போவதாக வைத்துக்கொண்டு, சூரியன் இறங்கும் பக்கத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். நேர், எதிர் என்ற பேச்சே அதில் இல்லை. மின்னாற்பகுப்பில் அது எதிர்முனை என்பதால் 'எதிர்மின்வாய்' அங்கே சரி. மின்சாரம் தரும் பேட்டரியிலோ கேதோடுதான் நேர்முனை. சார்ஜ் ஏறும்போது வேதியியல் கணக்குப்படி அதுவே ஆனோடு, அதாவது கேதோடுக்கு எதிரான முனை. ஆனால் பேட்டரித் தொழிலில் யாரும் அப்போது பெயரை மாற்றுவதில்லை. 'நேர்முனை' என்றால் குழப்பமில்லை.

அடுத்தது கோட்டிங். 'கோட்' என்ற மேலாடைதான் மூலம். தமிழில் பேசு பேச்சானது போலப் பூசு பூச்சாகும். 'உறை' கழற்றக்கூடியது, 'முலாம்' என்றால் உலோகப் பூச்சு மட்டும்தான் நினைவுக்கு வரும். ஒட்டிக்கிடப்பதற்குப் பூச்சுதான் பொருத்தம். 'பூசி மெழுகுவது' என்ற வழக்கால் இந்தச் சொல்லுக்கு மூடிமறைக்கும் வாடை உண்டு, அது வேறு கதை.

ஒரு சிக்கல்: கேதோடுப் பொருளின் துகள்களைக் குழம்பாக்கி அலுமினியத் தாளில் பரப்புவதும் ஆலையில் கோட்டிங்தான். நாம் பேசுவது ஒவ்வொரு துகளின் மேலும் படியும் படலம். 10 மைக்ரான் துகளை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினாலும் 5 நானோமீட்டர் பூச்சு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. மின்பகுளியில், அதாவது பேட்டரிக்குள் அயனிகள் நகரும் திரவத்தில், உள்ள லித்தியம் உப்பில் துளி ஈரம் பட்டாலே ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகி, துகளிலிருந்து மாங்கனீசு போன்ற உலோகங்களைக் கரைத்தெடுக்கும். அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பூச்சு அந்த அமிலத்தைத் தான் வாங்கிக்கொண்டு அலுமினியம் ஃபுளோரைடாக மாறும். தடித்துப் போனால் லித்தியம் அயனிகளுக்கே வழி அடைபடும்.

'காப்புப் பூச்சு' எனலாமா? லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற கேதோடுப் பொருளின் மேல் கரியைப் பூசுவது முதன்மையாகக் காப்புக்கு அல்ல. மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத அந்தத் துகளுக்கு எலக்ட்ரான் போகப் பாதை போடத்தான். இரண்டுக்கும் இடம் கொடுப்பது 'நேர்முனைத் துகள் மேற்பூச்சு'.