முள்ளுக்குள் பம்பு இல்லை: வீட்டுத் தொட்டியில் விஷ மீன்கள்

கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் சிங்க மீனிடம் குத்து வாங்கியதைப் பற்றிப் பேசும்போது "மீன் கொட்டிவிட்டது" என்றுதான் சொல்வார்கள். தேள் கொட்டுவதைப் போல, குளவி கொட்டுவதைப் போல. என்ன நடந்தது என்று கொஞ்சம் விசாரித்தால் பெரும்பாலும் கதை வேறாக இருக்கும். கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டக் கையை உள்ளே விட்டிருப்பார். மீன் பாறையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு தூங்காத தூக்கத்தில் இருந்திருக்கும். கையை வெளியே இழுக்கும்போது புறங்கை அதன் முதுகில் இடித்திருக்கும். மீன் இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

இந்த வித்தியாசம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தேளின் கொடுக்கிலும் பாம்பின் தலையிலும் நஞ்சைப் பிழிந்து தள்ளுவதற்கென்றே தசை உண்டு. எப்போது, எவ்வளவு செலுத்துவது என்பது அந்த விலங்கின் கையில் இருக்கிறது. சிங்க மீனின் முள்ளில் அப்படிப்பட்ட தசையே கிடையாது. நஞ்சை உள்ளே தள்ளும் விசை முழுவதும் அதன் மேல் அழுத்துபவரிடமிருந்து வருகிறது.

முள்ளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தொட்டியில் விசிறிபோல் விரிந்திருக்கும்போது அது மெல்லிய, வளைந்து கொடுக்கும் குச்சிபோல் தெரியும். உண்மையில் உள்ளே இருப்பது கெட்டியான, கூர்மையான எலும்பு. அதன் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒவ்வொரு பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளங்களில் நஞ்சுச் சுரப்பித் திசு கிடக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து மூடியபடி மெல்லிய தோலுறை. முள் சதைக்குள் இறங்கும்போது இந்த உறை உள்ளே போகாது. முழுக்கைச் சட்டையின் கையை மேலே தள்ளுவது போல முள்ளின் அடிப்பக்கமாகச் சுருங்கிப் பின்வாங்கும். அப்படிப் பின்வாங்கும்போது அடியில் இருக்கும் சுரப்பித் திசு நசுங்குகிறது. பிதுங்கும் நஞ்சு பள்ளத்தின் வழியே காயத்துக்குள் இறங்குகிறது. லேசாக உரசினால் கொஞ்சம், பலமாக இடித்தால் நிறைய.

சிங்க மீனுக்கு இப்படி முதுகில் 13 முட்கள், வயிற்றுத் துடுப்புகள் இரண்டிலும் ஒவ்வொன்று, அடியில் வால் பக்கமாக 3, ஆக 18. பார்ப்பவரை மயக்குவது பக்கவாட்டில் இறக்கைபோல் விரியும் துடுப்புகள்தான், ஆனால் அவற்றில் நஞ்சே இல்லை. புதிதாக வளர்ப்பவர்கள் அந்த அழகான விசிறிகளைப் பார்த்துப் பயந்து, முதுகை மறந்துவிடுவார்கள்.

அதற்காக மீன் எப்போதும் சும்மா இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மூலையில் மடக்கினால் தலையைத் தாழ்த்தி, முதுகு முட்களை முன்னோக்கிச் சாய்த்து நிற்கும். இன்னும் நெருங்கினால் முன்னால் பாய்ந்து குத்தவும் செய்யும். என் தொட்டியில் ஒரு குட்டைச் சிங்க மீன் இருக்கிறது, ஒரு சாண் நீளம்கூட வராது. வலையைக் கண்டால் மட்டும் இந்தக் கோலத்துக்கு வரும். மற்ற நேரமெல்லாம் தீனிக்காக என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் சாதுவான பிராணி.

கல் மீனில் இதே ஏற்பாடு இன்னும் முரட்டுத்தனமாக இருக்கிறது. அதற்கும் முதுகில் 13 முட்கள்தான். ஆனால் குட்டையாக, தடியாக இருக்கும். ஒவ்வொரு முள்ளின் இருபுறமும் நஞ்சு நிரம்பிய பை, பையிலிருந்து நுனி வரை குழாய். மணலில் பாதி புதைந்து பாறைபோல் கிடக்கும் அதன் மேல் காலை வைத்தால், நம் உடம்பின் எடையே அந்தப் பைகளைப் பிழிந்துவிடும். இதை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன்: வேண்டாம். கல் மீனுக்கு எதிரான முறிமருந்து ஆஸ்திரேலியாவில் 1959-லேயே வந்துவிட்டது, ஆனால் அது எல்லா ஊர் மருத்துவமனையிலும் அலமாரியில் இருக்கும் மருந்து இல்லை. அதோடு, கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு மீனை நாம் கைவிட்டுச் சுத்தம் செய்யும் ஒரு பெட்டிக்குள் வைப்பது, மேலே சொன்ன விசைக் கணக்கின்படி மிக மோசமான சேர்க்கை.

இந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு கண்டுபிடிப்பு உண்டு. கல் மீன்களுக்கும் அவற்றின் உறவுகளுக்கும் கண்ணுக்குக் கீழே ஓர் எலும்பு முள் இருக்கிறது. சாதாரணமாக மடங்கிக் கிடக்கும் அது, ஆபத்து வந்தால் மடக்குக் கத்திபோல் வெளியே விரிந்து பூட்டிக்கொள்ளும். இதை அமெரிக்க மீனியல் அறிஞர் வில்லியம் லியோ ஸ்மித்தும் குழுவினரும் 2018-ல் விவரித்து எழுதினார்கள். அவர் கண்ணில் இது முதலில் பட்டது, தான் ஆசையாக வளர்த்து இறந்துபோன ஒரு மீனை ஆராய்ந்தபோது. இத்தனை காலம் தொட்டிகளிலும் அருங்காட்சியகச் சாடிகளிலும் இருந்த மீன்கள்தான். யாரும் அதைக் கவனித்துச் சொல்லவில்லை.

சரி, நஞ்சு என்ன செய்கிறது? உடம்பைப் பலூன்போல் ஊதிக்கொள்ளும் பஃபர் மீனின் நஞ்சு வேறு வகை. அது சிறு மூலக்கூறு. சமைத்தாலும் அழியாது, தின்றால்தான் ஆபத்து. முள்ளில் இருப்பவை பெரும்பாலும் பெரிய புரதங்கள், உடம்புக்குள் குத்தி இறக்கினால்தான் வேலை செய்யும். கல் மீனின் முக்கிய நஞ்சான ஸ்டோனஸ்டாக்சின் இரண்டு புரதங்கள் இணைந்த ஜோடி. அதன் வடிவத்தை 2015-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்த ஜோடிகள் பல ஒன்றுசேர்ந்து உயிரணுவின் சவ்வில் வளையம் கட்டி, நடுவில் ஓட்டை போடுகின்றன. ஓட்டை விழுந்த உயிரணு தாங்காது. ஆச்சரியம் என்னவென்றால், நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் கிருமி புகுந்த உயிரணுக்களைக் கொல்லப் பயன்படுத்தும் பெர்ஃபோரின் என்ற புரதத்துக்கு இது தூரத்து உறவு. சிங்க மீனின் நஞ்சும் இதே வகையைச் சேர்ந்ததுதான், வீரியம் மட்டும் குறைவு.

வலி ஏன் அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு கடுமையாக வருகிறது என்பதற்கும் காரணம் உண்டு. பாம்பு இரையைப் பிடிக்க நஞ்சைப் பயன்படுத்துகிறது. இந்த மீன்களோ முள்ளால் எதையும் வேட்டையாடுவதில்லை. வாயில் கவ்விய எதிரி அந்த நொடியே துப்பியாக வேண்டும், பத்து நிமிடம் கழித்துச் செத்து என்ன பயன்? ஆகவே வலிதான் இந்த நஞ்சின் வேலை. சிங்க மீன் குத்தினால் சில நிமிடங்களில் வலி உச்சத்துக்குப் போய், விரலிலிருந்து தோள் வரை ஏறும். வீக்கம், வியர்வை, குமட்டல் வரலாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உயிராபத்து அரிது.

உடனே செய்ய வேண்டியது வெந்நீர். கை தாங்கும் சூட்டில், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை குத்துப்பட்ட இடத்தை மூழ்க வைக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நச்சு ஆலோசனை மையத்துக்கு ஐந்தாண்டுகளில் வந்த 51 குத்துகளை மருத்துவர்கள் தொகுத்து 1985-ல் வெளியிட்டார்கள். வெந்நீரில் வைத்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு வலி முழுதாக நின்றிருந்தது. புரதம் சூட்டில் சிதையும், அதனால் நஞ்சு செயலிழக்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் கை தாங்கும் சூடு ஆழமான சதை வரை அப்படியே போய்ச் சேர்வதில்லை. சூடு வலி நரம்புகளின் செய்தியையே அடக்குகிறது என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்துதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீரின் சூட்டைக் குத்துப்பட்ட கையால் பார்க்காதீர்கள், மற்றக் கையால் பாருங்கள். வலியில் இருக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. வலியோடு தீக்காயத்தையும் சேர்த்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. கயிறு கட்ட வேண்டாம், கீறி உறிஞ்ச வேண்டாம். மூச்சுத் திணறல், மயக்கம், உடம்பெல்லாம் தடிப்பு என்று எது வந்தாலும் வெந்நீருக்காகக் காத்திராமல் கிளம்ப வேண்டும். வலி அடங்கினாலும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. முள் நுனி உள்ளே ஒடிந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம். சில வாரங்கள் கழித்து அதே இடத்தில் ஆறாத முடிச்சு தோன்றினால், வீட்டில் மீன் தொட்டி இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தொட்டித் தண்ணீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமி ஒன்று இப்படிப் புண் உண்டாக்கும். அதற்கான சிகிச்சை வேறு.

பயந்து பயந்து வளர்க்கும் சிங்க மீனைவிட, பயமே இல்லாமல் வாங்கும் மீன்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. பாசி தின்னும் என்று பலரும் விரும்பி வாங்கும் மஞ்சள் நிற ஃபாக்ஸ்ஃபேஸ் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஓரா என்று சொல்லும் மீனின் இனம்தான் இது. முதுகில் 13, அடியில் 7, வயிற்றுத் துடுப்புகளில் நான்கு என்று 24 முட்கள், அத்தனையிலும் நஞ்சு. சிங்க மீனைவிட ஆறு கூடுதல். புல் மேயும் சாது, யாரையும் துரத்தாது. இரவில் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக நிறம் மாறி, முட்களை விரித்துக்கொண்டு பாறை இடுக்கில் செருகிக் கிடக்கும். விளக்கு அணைந்த பிறகு தொட்டிக்குள் கைவிடுபவருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது.

கோடு போட்ட கடல் கெளுத்திக் குஞ்சுகளும் அப்படித்தான். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகளோடு நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாகச் சுழலும் அழகைப் பார்த்துவிட்டால் வாங்காமல் வர மனசு வராது. வளர்ந்தால் ஓர் அடிக்கு நீளும். முதுகில் ஒன்று, பக்கத் துடுப்புகளில் ஒவ்வொன்று என்று மூன்றே முட்கள்தான், ஆனால் ரம்பம்போல் பல் வைத்தவை. கெளுத்தி முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். வலையில் அள்ளினால் அந்தப் பற்கள் நூலில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் மீனை விடுவிக்க விரல்தான் போக வேண்டியிருக்கும். அங்கேதான் குத்து.

இந்தப் பட்டியலில் ஒரு விதிவிலக்கு ஃபேங் பிளென்னி. விரல் நீள மீன். கீழ்த்தாடையில் பள்ளம் ஓடிய இரண்டு கோரைப்பற்கள், அடியில் நஞ்சுச் சுரப்பி. கடித்துத்தான் நஞ்சை இறக்கும். 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, இதன் நஞ்சில் ஓபியம் வகை வலிநீக்கிகளைப் போன்ற சிறு புரதங்கள் இருப்பதைக் காட்டியது. எலிகளுக்குச் செலுத்தியபோது வலிக்கான அறிகுறி தெரியவில்லை, ரத்த அழுத்தம் மட்டும் சரிந்தது. பெரிய மீன் இதை விழுங்கினால் தலை நடுங்கி, வாய் தானாகப் பிளந்து நிற்க, பிளென்னி நிதானமாக நீந்தி வெளியே வந்துவிடும். வலிக்க வைப்பதற்குப் பதில் தடுமாற வைக்கிறது. மீன்களில் நஞ்சு தனித்தனியாகக் குறைந்தது 18 முறை தோன்றியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வழியில்தான் தோன்ற வேண்டும் என்று இல்லையே.

முள்ளுக்குள் பம்பு இல்லை என்பது மனதில் பதிந்துவிட்டால், வளர்க்கும் முறை தானாகவே மாறும். மீன் சாதுவா முரடா என்ற கேள்வி பின்னுக்குப் போய், என் கை எங்கே இருக்கிறது, மீன் எங்கே இருக்கிறது என்ற கேள்வி முன்னுக்கு வரும். மீனைக் கண்ணால் பார்க்காமல் நான் தொட்டிக்குள் கைவிடுவதில்லை. பாசியைக் காந்தச் சுரண்டியால் வெளியிலிருந்தே எடுக்கிறேன். பாறையை நகர்த்த வேண்டிய நாளில் துளையிட்ட அக்ரிலிக் தகட்டைக் குறுக்கே செருகி மீனை ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவேன். ரப்பர் கையுறையை நம்ப வேண்டாம். முள் ஊசிபோல் நுழைந்துவிடும், கூடவே கையின் உணர்வும் மழுங்கிவிடும். மீனை இடம் மாற்ற வலை கூடாது. அகலவாய்ப் பிளாஸ்டிக் சாடியை நீருக்குள் சாய்த்துப் பிடித்து, மீனைப் பொறுமையாக உள்ளே ஓட்டி, தண்ணீரோடு தூக்க வேண்டும். அவசரப்படும் நாளில் இதைச் செய்யவே கூடாது.

தீனியும் கையால் கூடாது. சிங்க மீன் கூர்மையாகக் கற்றுக்கொள்ளும். கை வந்தால் தீனி வரும் என்று ஒருமுறை புரிந்துவிட்டால், சுத்தம் செய்ய வரும் கையையும் வரவேற்க மேலே வந்து நிற்கும். நீளமான இடுக்கியில் இறாலைப் பிடித்து லேசாக அசைப்பேன். அது துடுப்புகளை விரித்து, மிதந்தபடியே நெருங்கும். கண் இரண்டும் இறாலில் குத்திட்டு நிற்கும். ஒரு நொடி அசைவற்ற நிலை. அடுத்த நொடி இறால் இருக்காது. வாய் திறந்ததைக் கண் பிடிக்கவே முடியாது. வாரத்துக்கு மூன்று முறை போதும். தங்க மீன்களை உயிரோடு போட்டு வளர்ப்பது தவறு. அவற்றில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. மாதக்கணக்கில் அதையே தின்ற மீன் நலிந்துபோகும்.

பெரிய வகைச் சிங்க மீன் ஓர் அடியைத் தாண்டி வளரும். சமாளிக்க முடியவில்லை என்று அதைக் கடலில் விட்டவர்களால்தான் அட்லாண்டிக் இன்று தவிக்கிறது. ஃபுளோரிடாவில் 1985-ல் முதன்முதலாகப் பதிவானது, இப்போது கரீபியன் முழுக்கப் பரவியிருக்கிறது. ஒரு பெண் மீன் ஆண்டுக்கு இருபது லட்சம் முட்டை இடும். இன்னொருவருக்குக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்து வையுங்கள்.

மீன் இறந்துபோனாலும் முள்ளின் ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. அழுத்தத்தில் வேலை செய்யும் பொறிக்கு உயிர் தேவையில்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் நஞ்சு கெட்டுவிடாது. எங்கள் வீட்டில் முதல் சிங்க மீன் இறந்தபோது அதை இடுக்கியால் எடுத்து, கெட்டியான டப்பாவில் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். மேலே பெரிய எழுத்தில் "விஷ முள், அழுத்தாதீர்கள்" என்று எழுதினேன். குப்பை மூட்டையைக் கையால் அமுக்கிக் கட்டுபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேறு வழியில்லை.