மட்கார்டுக்கு மேலே பளபளப்பு, அடியிலே பொத்தல்

சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். தாத்தா வாங்கிய மேசி பெர்குசன் டிராக்டர் ஒன்று அவர்கள் வீட்டுத் தொழுவில் நிற்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆன வண்டி. இன்னும் ஓடுகிறது. பிசான நடவுக்குத் தொளி அடிக்கிற வேலையிலிருந்து மட்டும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பிரச்சினை பெயிண்டில்தான். அவருடைய அண்ணன், வருகிற ஆயுத பூஜைக்குள் மொத்தத்தையும் சுரண்டிப் புதுச் சிவப்பு அடித்துவிட வேண்டும் என்கிறார். துருப்பிடித்த சாமான் வாசலில் நின்றால் தரித்திரமாம். தம்பிக்கோ அந்த வெளிறிய சிவப்பும், ஆங்காங்கே தெரியும் பழுப்பும்தான் தாத்தா. வெளிநாடுகளில் பழைய வண்டிகளை அப்படியே வைத்திருக்கிறார்கள், அந்த வயதேறிய மேனிக்குப் 'பட்டினா' என்று பெயர்கூட இருக்கிறது என்று எழுதிவிட்டு, "நீங்கதான் ஒரு தீர்ப்புச் சொல்லணும்" என்று முடித்திருந்தார்.

அண்ணன் தம்பி வழக்கில் தலையிட எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அம்பாசமுத்திரத்திலிருந்து அரை மணி நேரப் பேருந்துதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டேன்.

முதலில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தேன். கையெல்லாம் இளஞ்சிவப்பு மாவு. இது துரு இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர், பெயிண்டில் நிறமித் துகள்களைக் கட்டிப் பிடித்திருக்கும் பிசினை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. கட்டு விட்ட நிறமி மாவாக உதிர்கிறது. பழைய சுவரில் சாய்ந்தால் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டுமே, அதே கதை. அடியில் இருக்கிற பெயிண்ட் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. மெழுகு போட்டுத் துடைத்தால் பாதிச் சிவப்பு திரும்பிவிடும். இதற்கு மேல் பானட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சுவாரசியம் இடது பக்கத்து மட்கார்டில் இருந்தது. நம் ஊரில் மட்கார்டு என்பது சேறு தெறிக்காமல் தடுக்கிற தகரம் மட்டும் இல்லை, அது ஓர் இருக்கை. வயலுக்குப் போகிறவர், விதைநெல் மூட்டையோடு வருகிறவர், பள்ளிக்கூடத்தில் இறங்கிக்கொள்கிற பிள்ளை என்று எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்துதான் போவார்கள். நாற்பது வருடமாக வேட்டியும் டவுசரும் உரசி, ஒரு முறம் அளவுக்குப் பெயிண்ட் முழுசாகப் போய், வெற்று இரும்பு கண்ணாடி போல மின்னியது. பெயிண்டே இல்லாத அந்த இடத்தில் பொட்டுத் துரு இல்லை! குனிந்து அதே தகரத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கம்பெனியில் அடித்த பெயிண்டின் மேல் காய்ந்த சேறு அப்பி இருந்தது. ஸ்குரூடிரைவரால் லேசாகக் குத்தினேன். சேற்றோடு சேர்ந்து தகரமும் பெயர்ந்து, முனை மேலே எட்டிப் பார்த்தது. தம்பி முகம் வாடிவிட்டது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அவர் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

காற்றும் வெயிலும் படுகிற இடம் பிழைத்திருக்கிறது, மூடி மறைத்த இடம் செத்துப் போயிருக்கிறது. பள்ளியில் படித்தது நேர்மாறாக அல்லவா? இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. அப்படியானால் ஆக்சிஜன் அதிகம் கிடைக்கிற இடம்தானே முதலில் அரிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கான பதில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் வேலை பார்த்த யூ. ஆர். எவன்ஸ் என்ற வேதியியலாளர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் செய்து காட்டிய சோதனை இது. எனக்குத் தெரிந்து வேதியியலில் இதைவிட மலிவான, இதைவிட அழகான சோதனை குறைவு. ஒரு இரும்புத் தகட்டை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்துக்கொள்ளுங்கள் (பெயரில்தான் உப்பு, கவலை வேண்டாம்). அதன்மேல் உப்புக் கரைத்த நீரை ஒரு சொட்டு விடுங்கள். பள்ளி ஆய்வகத்தில் கேட்டு வாங்க முடிந்தால், அந்த நீரில் கொஞ்சம் பினாப்தலீனும் கொஞ்சம் பொட்டாசியம் பெரிசயனைடும் கலந்துகொள்ளுங்கள். முதலாவது காரம் உண்டாகிற இடத்தில் ரோஸ் நிறம் காட்டும். இரண்டாவது இரும்பு கரைகிற இடத்தில் நீலம் காட்டும்.

முதல் சில நிமிடம் சொட்டுக்குள் ரோஸும் நீலமும் புள்ளி புள்ளியாக, ஒழுங்கில்லாமல் கிடக்கும். அப்புறம் யாரோ கூட்டத்தை ஒழுங்குபடுத்தியது போல நிறங்கள் பிரியத் தொடங்கும். சொட்டின் விளிம்பு முழுக்க ஒரு ரோஸ் வளையம். நடுவில் ஒரு நீல வட்டம். வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டுக்கும் இடையில் மெல்லப் பழுப்பாக ஒரு கோலம் விழும். அதுதான் துரு.

நடந்தது இதுதான். ஒரு லிட்டர் நீரில் நம் ஊர் வெப்பத்தில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். சொட்டு விழுந்ததும் இரும்பு அதை எல்லா இடத்திலும் ஒரேயடியாகச் செலவழித்துவிடுகிறது. தீர்ந்த பிறகு மேற்கொண்டு வருகிற ஆக்சிஜன் காற்றிலிருந்துதான் இறங்க வேண்டும். நீருக்குள் ஆக்சிஜன் பரவுகிற வேகம் காற்றில் பரவுவதைப்போல் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே நீர் மெல்லிசாக இருக்கிற விளிம்புக்குச் சீக்கிரம் கிடைக்கிறது, ஆழமான நடுப்பகுதி ஆக்சிஜனுக்கு ஏங்கிக் கிடக்கிறது. கால்வாயில் தலைமடைக்காரனுக்குத் தண்ணீர், கடைமடைக்காரனுக்கு ஏக்கம் என்கிற கதைதான்.

விளிம்பில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கி, நீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகிறது. அதுதான் ரோஸ். அதற்கான எலக்ட்ரான்களை யாராவது கொடுத்தாக வேண்டும். கொடுப்பது, ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிற நடுப்பகுதி. அங்கிருக்கும் இரும்பு அணுக்கள் தலைக்கு இரண்டு எலக்ட்ரானை உலோகம் வழியாக விளிம்புக்கு அனுப்பிவிட்டு, அயனிகளாகி நீரில் இறங்கிவிடுகின்றன. அதுதான் நீலம். அரை விரல் அகலத்துக்குள் ஒரு முழு மின்கலம்! நடுவிலிருந்து வெளியே போகிற இரும்பு அயனியும், விளிம்பிலிருந்து உள்ளே வருகிற ஹைட்ராக்சைடும் பாதி வழியில் சந்தித்து வீழ்படிவாகி, பிறகு ஆக்சிஜன் பட்டுத் துருவாகின்றன. பள்ளம் விழுவது நடுவில், துரு தெரிவது வேறொரு வளையத்தில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இந்தச் சோதனையை நான் எத்தனை தடவை செய்திருப்பேன் என்று கணக்கில்லை. இன்னமும் அந்த நிறங்கள் பிரிகிற நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்க்கிறேன்.

இப்போது மட்கார்டுக்குத் திரும்பலாம். ஈரச் சேறு என்பது காயாத ஒரு பெரிய சொட்டு. சேற்றின் ஓரத்துக்குக் காற்று கிடைக்கிறது, நடுவுக்குக் கிடைப்பதில்லை. நடுவில் இருக்கும் தகரம், ஓரத்துக்காகத் தன்னைக் கரைத்துக் கொடுக்கிறது. பெயிண்டில் ஒரு கீறல் விழுந்து ஈரம் அடியில் நுழைந்தாலும், இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இணைப்பிலும், போல்ட் தலையின் அடியிலும் இதே கணக்குதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது சக்கரம் முங்குகிற அளவுக்குத் தண்ணீர் நின்றதாம். வண்டியைக் கழுவினார்கள், மேலே மட்டும். மேலே உட்காருகிற இடமோ மழை நின்ற கால் மணியில் காய்ந்துவிடும், எங்கும் ஒரே மாதிரி காற்று, போதாததற்கு ஆள் மாற்றி ஆள் தேய்த்து மெருகேற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மின்கலம் அமைய அங்கே வழியில்லை.

"அப்ப துருவே ஒரு காப்புதானே? செம்புப் பானையில களிம்பு மாதிரி?" என்றார் தம்பி. பாதி நியாயம். செம்பின் பச்சைக் களிம்பும், அலுமினியத்தின் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடும் உலோகத்தை இறுக்கி மூடி, மேற்கொண்டு அரிக்க விடாமல் நிறுத்துகின்றன. இரும்பின் துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இடம் இல்லாததால் பொருக்குத் தட்டி, வெடித்து, ஈரத்துக்கு வழி விடும். டெல்லி இரும்புத் தூண் 1600 வருடமாக நிற்கிறதே என்பார்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிக அதிகம், அது நாளடைவில் ஓர் இறுக்கமான பாஸ்பேட் படலத்தை உண்டாக்கியிருக்கிறது என்று ஐ.ஐ.டி. கான்பூரின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். நம் டிராக்டர் தகரத்தில் அந்தப் பாஸ்பரஸ் கிடையாது. மந்திரமும் கிடையாது.

என்றாலும் எல்லாத் துருவும் ஒன்றில்லை. நகத்தால் சுரண்டினாலும் வராத, கறுத்த, மெல்லிய துரு பெரும்பாலும் தூங்குகிறது. ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்வது விழித்திருக்கிறது. எழுப்பிவிடுவது உப்பு. அதனால்தான் இதே டிராக்டர் உவரி, கூடங்குளம் பக்கம் நின்றிருந்தால் என் பேச்சே வேறாக இருந்திருக்கும். கடற்காற்றில் வருகிற உப்பின் குளோரைடு, துருவின் அடியில், அந்தக் காற்றில்லாத நடுப்பகுதிக்குத்தான் போய் உட்காரும். அப்புறம் மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் கொப்புளம் கிளம்பும். 1970இல் பாக்லாந்துத் தீவிலிருந்து மீட்டு வந்த எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் என்ற பழைய இரும்புக் கப்பலை இன்று பிரிஸ்டலில் ஈரப்பதம் 20 சதவீதம் அளவில் இருக்குமாறு காற்றை உலர்த்தித்தான் காப்பாற்றுகிறார்கள். நம் தொழுவில் அது நடக்காது. கடலோரக்காரர்கள் நல்ல மழைத்தண்ணீரில் பல முறை கழுவி, சுரண்டி, முழுசாகப் பெயிண்ட் அடித்துவிடுவதே புத்திசாலித்தனம். இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருஷ்டி கழிக்க உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறீர்கள், சரி. அந்த உப்பை வண்டிச் சக்கரத்தடியில் கொட்டாதீர்கள். இரும்புக்குப் பிடித்த ஒரே திருஷ்டி உப்புதான்.

துருவுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர் இருக்கிறதே, அதன் நிறமியும் இரும்பு ஆக்சைடுதான். துருவின் ஒன்றுவிட்ட அண்ணன். ஈரம் கலக்காத, மேற்கொண்டு மாற விரும்பாத ஆக்சைடைப் பிசினில் குழைத்துக் கொடுக்கிறார்கள். காப்பது பிசின். அதனால் பொருக்குத் துருவின் மேல் ரெட் ஆக்சைடு அடிப்பது, சேற்றின் மேல் இன்னொரு சேறு. நானே என் வீட்டு கேட்டில் ஒரு தீபாவளி அவசரத்தில் அப்படிச் செய்து, பொங்கலுக்குள் கொப்புளம் எண்ணியவன்.

பழைய பெயிண்டைச் சுரண்டுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அந்தக் காலத்துப் பெயிண்டுகளிலும் பிரைமரிலும் ஈயம் தாராளம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுக்கே 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற ஈய வரம்பு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், நனைத்துத் தேயுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

தூங்குகிற துருவைத் தூக்கத்திலேயே கட்டிப்போட நம்மிடம் ஒரு பழைய சரக்கு உண்டு: கடுக்காய். கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சினார்கள் அல்லவா? கடுக்காயின் டானின், இரும்போடு பிணைந்து கரையாத கருநீலச் சேர்மம் ஆகிறது. அருங்காட்சியகங்களில் துருவின் மேல் பூசுகிற டானிக் அமிலமும் இதே வேலையைத்தான் செய்கிறது. பொருக்கைக் கம்பித் தூரிகையால் நீக்கி, கழுவி, காயவைத்துப் பூசினால் பழுப்பு கண்ணெதிரே கறுக்கும். அதன்மேல் மெல்லிசாக லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் உதவாது, அது காயாது. லின்சீட் ஆயில் காற்றின் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு தானே படலமாக இறுகும். அப்போது சூடும் வெளிவரும், ஆகவே துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப் போடுங்கள்.

அரிமான ஆராய்ச்சி என்றாலே நம்மவர்களுக்குக் கொட்டாவி வருகிறது. ராக்கெட் என்றால் செய்தி, துரு என்றால் பேட்டியெடுக்க ஆளில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் 1953 முதல் இயங்குகிறது என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்பைப் பற்றி மேடையில் பெருமை பேசுகிறோம். அந்த இரும்பு இன்னும் நூறு வருடம் உதிராமல் இருக்க ஒரு வேதியியலாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றால் பேச்சு நின்றுவிடுகிறது. எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது, விடுங்கள்.

என்னுடைய தீர்ப்பில் இரண்டு பேருக்கும் பாதி பாதி. கண்ணுக்குத் தெரிகிற இடங்களான பானட், உட்காரும் மேல்பக்கம், தாத்தா கை வைத்துத் தேய்ந்த ஸ்டியரிங் எல்லாம் தம்பிக்கு. பெயிண்ட் வேண்டாம், கழுவி மெழுகு போதும். மட்கார்டின் அடி, மிதிக்கிற பலகையின் அடி, தகடு படிகிற இணைப்புகள் என்று யாரும் பார்க்காத இடங்கள் அண்ணனுக்கு. அங்கே வெற்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, பொத்தலுக்கு ஒட்டு வைத்து, இரண்டு கோட் பிரைமர், இரண்டு கோட் பெயிண்ட். வண்டி சேற்றில் இறங்கி வந்தால், ஒவ்வொரு முறையும் அடியில் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றை எடுக்க வேண்டும்.

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "யாரும் பாக்காத எடத்துக்கு நான் எந்தக் கலர் அடிச்சா என்ன?"

"எதுவும் அடிக்கலாம் அண்ணாச்சி."

"அப்ப பச்சை அடிச்சிருதேன்" என்றார். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயுத பூஜைக்குப் பானட்டில் சந்தனம் அப்பலாமா என்று மட்டும் உள்ளேயிருந்து அவர்கள் அம்மா கேட்டார். அப்பலாம், மறுநாள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள் என்றேன். அதுவும் ஒரு சொட்டுதானே.