மடக்குக் கத்தி வாங்கப் போகிறீர்களா? பிராண்டுக்கு முன்னால் லாக்கைப் பாருங்கள்

நான் கை அறுவை சிகிச்சை மருத்துவர். தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்க வேண்டும், விக்டோரினாக்ஸா, ஓப்பினெல்லா, ஸ்பைடர்கோவா, பெஞ்ச்மேடா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இணையத்தில் இதற்கான ஒப்பீடுகள் கொட்டிக் கிடக்கின்றன, பெரும்பாலானவை எஃகைப் பற்றிப் பேசுகின்றன: எது அதிக நாள் கூர் தாங்கும், எது துருப்பிடிக்காது. எனக்கு அதெல்லாம் அப்புறம்தான். திறந்த பிளேடு திறந்தே நிற்க எது காரணம், அதை மூடும்போது விரல் எங்கே இருக்கிறது, இந்த இரண்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஏன் என்றால், கத்தியைப் பிடித்திருக்கும் உங்கள் கையையே பாருங்கள். பிளேடு மடங்கி உள்ளே போகிற பள்ளத்துக்கு நேர் எதிரில் நான்கு விரல்களின் உட்பக்கமும் வரிசையாக நிற்கிறது. விரலின் அடியிலிருந்து நடு எலும்பின் பாதி வரைக்கும் உள்ள பகுதி அது. விரலை மடக்கும் இரண்டு தசைநாண்கள் அங்கே ஒரே குறுகிய குழாய்க்குள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன, இரு ஓரமும் ஒரு நரம்பு, ஒரு ரத்தக்குழாய். தோலிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழம்தான். ஒரு காலத்தில் இந்த இடத்தில் அறுந்த தசைநாணை உடனே தைக்கவே மருத்துவர்கள் தயங்கினார்கள், தைத்தது குழாயோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காமல் போய்விடும் என்பதால். இப்போது தைக்கிறோம், நன்றாகவே வருகிறது, ஆனால் அந்தக் கை முழு பலத்தோடு வேலை செய்ய மூன்று மாதம் போல ஆகும், அதுவும் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பிராண்டுகளுக்கு வருவோம்.

விக்டோரினாக்ஸின் வழக்கமான, மூடிய நிலையில் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள சுவிஸ் கத்தியில் லாக்கே, அதாவது திறந்த பிளேடு மடங்காமல் பூட்டி வைக்கும் அமைப்பே, கிடையாது. 1897-ல் கார்ல் எல்சனர் பதிவு செய்த வடிவத்தின் வழித்தோன்றல் அது, முதுகில் இருக்கும் ஒரு ஸ்பிரிங்தான் பிளேடைத் திறந்த நிலையில் நிறுத்துகிறது. லாக் இல்லாத கத்தி ஆபத்து என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இந்தக் கத்தி பூட்டிக்கொள்கிறேன் என்று சொல்வதே இல்லை, அதனால் பயன்படுத்துபவரும் கூர்ப்பக்கமாக அழுத்தி இழுத்து வெட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். அட்டைப்பெட்டி, கயிறு, பழம், கடித உறை எல்லாவற்றுக்கும் அது போதும். குத்தக் கூடாது, நெம்பக் கூடாது, துளை போட்டுத் திருகக் கூடாது. முனை எங்காவது சிக்கிக்கொண்டால் பிளேடு மடங்கி வருவது விரல் மேல்தான். லாக் வேண்டும் என்றால் அதே கம்பெனியின் 111 மில்லிமீட்டர் வரிசையில் இருக்கிறது.

ஓப்பினெல் பிரான்ஸின் சவோய் பகுதியில் 1890-ல் தொடங்கியது. கழுத்தில் சுழலும் வளைய லாக் 1955-ல் வந்தது, 6-ம் எண்ணிலிருந்து மேலே உள்ள அளவுகளில் அது உண்டு. பலர் வாங்குவது 8.5 செ.மீ. பிளேடு கொண்ட 8-ம் எண். இதில் எனக்குப் பிடித்தது, வளையத்தைத் திருகும்போது எந்த விரலும் பிளேடின் வழியில் இல்லை. பிடிக்காதது, அது தானாகப் பூட்டாது. திறந்தவுடன் திருக மறந்துவிட்டால் சுவிஸ் கத்திக்கு இருக்கிற ஸ்பிரிங் கூட இதற்குக் கிடையாது, மரப்பிடியின் இறுக்கம் ஒன்றுதான் பிளேடைப் பிடித்து நிற்கிறது. அந்த மரம் ஈரத்தில் ஊதி, பிளேடைத் திறக்கவே முடியாமல் இறுகிவிடும், அப்போது நகத்தால் பலவந்தமாக இழுக்கும்போது கை வழுக்குவதும் காயத்துக்கு ஒரு வழி. திறந்ததும் திருகு, மூடியதும் திருகு என்கிற பழக்கம் உள்ளவருக்கு இது அருமையான கத்தி. அவசரக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து முதுகு லாக். 1960-களில் பக் நிறுவனத்தின் 110 என்ற கத்தி இதைப் பிரபலமாக்கியது. ஸ்பைடர்கோவின் டெலிகா, எண்டுரா இரண்டும் இதே வகை. கைப்பிடியின் முதுகில் ஒரு பட்டையை அழுத்தினால் பிளேடு விடுபடும். பலமான லாக், இடக்கைக்காரருக்கும் வசதி. இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கைச் சதை அந்தப் பட்டையை அழுத்திவிடலாம், இதற்காகத்தான் சில ஸ்பைடர்கோ கத்திகளில் பட்டையின் நடுவே ஒரு சிறு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு, லாக் பதிகிற குழியில் பாக்கெட் பஞ்சும் மண்ணும் சேர்ந்தால் அது முழுதாக உட்காராது, ஆனால் உட்கார்ந்த மாதிரி தெரியும். பூட்டியிருக்கிறது என்று நம்பி அழுத்தும் கைக்குத்தான் ஆழமான காயம். மாதம் ஒருமுறை ஒரு பல்குச்சியால் அந்தக் குழியைச் சுத்தம் செய்தால் போதும்.

லைனர் லாக்கைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விலை குறைந்த கத்திகளில் பெரும்பாலும் இதுதான். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து பிளேடின் அடியைத் தாங்கிக்கொள்கிறது. நல்ல கம்பெனி சரியாகச் செய்தால் நம்பலாம். ஆனால் மூடுவதற்குக் கட்டைவிரலை பிளேடு வந்து சேரும் வழியிலேயே வைத்துத் தகட்டைத் தள்ள வேண்டும், தள்ளியவுடன் விரலை எடுக்க வேண்டும். பழகாதவர்கள், பழகிவிட்டோம் என்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டு மூடுபவர்கள், இரு தரப்புக்கும் கட்டைவிரலில் வெட்டு விழுகிறது. மலிவான தயாரிப்பில் தகடு பிளேடின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும், கத்தியைக் கொஞ்சம் முறுக்கினால் நழுவிவிடும். கிறிஸ் ரீவின் செபென்ஸா போன்ற கத்திகளில் தகட்டுக்குப் பதில் கைப்பிடியின் ஒரு பக்கமே லாக்காக வேலை செய்கிறது. அங்கே நம் பிடி இறுக இறுக லாக்கும் இறுகும், அது நல்ல ஏற்பாடு. மூடும்போது கட்டைவிரல் நிற்கிற இடம் மட்டும் அதே இடம்தான்.

விரல்களை மட்டும் கணக்கில் எடுத்தால் என் ஓட்டு குறுக்குக் கம்பி லாக்குக்கு. பெஞ்ச்மேட் 1998-ல் ஆக்ஸிஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது, காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு பல கம்பெனிகள் தங்கள் தங்கள் பெயரில் இதையே போடுகின்றன, ஆகவே பெரிய விலை கொடுத்தால்தான் கிடைக்கும் என்ற நிலை இப்போது இல்லை. இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கம்பியைப் பின்னால் இழுத்தால் பிளேடு விடுபடும், விரல்கள் எல்லாம் வெளியே. எந்தக் கையாலும் செய்யலாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் மெல்லியவை, வருடக்கணக்கில் விளையாட்டாகத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் உடையக்கூடும், ஆனால் இரண்டு இருப்பதால் ஒன்று உடைந்தாலும் பெரும்பாலும் லாக் தாங்கும். ஸ்பைடர்கோவின் பாராமிலிட்டரி 2-ல் உள்ள கம்ப்ரெஷன் லாக்கும் முதுகுப்பக்கத்திலிருந்து விடுவிப்பது, அதுவும் நல்லதே.

பெயர் பெற்ற கம்பெனிகளின் அச்சு அசலான போலிகள் நிறைய விற்கின்றன. வடிவம் அப்படியே இருக்கும், லாக் தொடும் இடத்தின் கச்சிதம் இருக்காது. அதற்குப் பதில் சொந்தப் பெயரில் விற்கும் எளிய கத்தி எவ்வளவோ மேல். லாக் உள்ள எந்தக் கத்தி வாங்கினாலும் அதைத் திறந்து பூட்டி, விரல்களை பிளேடின் வழியிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, பிளேடின் முதுகுப்பக்கத்தை மேசையில் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓங்கித் தட்ட வேண்டாம். நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சரிசெய்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

சரி, எஃகு. விக்டோரினாக்ஸின் எஃகு ராக்வெல் அளவில் 55–56 கடினம், விலை கூடிய கத்திகளில் வரும் எஸ்30வி போன்றவை 60-ஐ ஒட்டி. கடினமானது நாள் தாங்கும், ஆனால் தீட்ட நேரம் எடுக்கும், அதனால் பலர் தீட்டுவதே இல்லை. மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் கொடுக்கிறோம், அழுத்தம் கூடினால் அது நழுவும்போது நிறுத்த முடியாது. நீங்களே தீட்டிக்கொள்ளக்கூடிய சாதாரண எஃகு, அலமாரியில் மழுங்கிக் கிடக்கும் உயர்ந்த எஃகைவிடப் பாதுகாப்பு.

லாக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தடுக்க முடியாத காயம் மற்ற கையில் வருவது. பொருளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கையை நோக்கியே வெட்டுவது, கேபிள் டையின் அடியில் முனையை நுழைத்து மேலே நெம்புவது, இறுக்கமான பிளாஸ்டிக் உறையைக் குத்திக் கிழிப்பது. பொருளை மேசையில் வையுங்கள். உறைக்குக் கத்தரிக்கோல் எடுங்கள். குத்தும் வேலைக்கு மடக்குக் கத்தி வேண்டவே வேண்டாம், விரல் முன்னால் வழுக்கி பிளேடின் கூர்ப்பக்கத்தில் ஏறாமல் தடுக்கும் அமைப்பு பல மடக்குக் கத்திகளில் இல்லை. தற்காப்புக்கு என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான், முதலில் கிழிவது பிடித்திருக்கும் கையாக இருக்கலாம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் பிளேடின் வெட்டும் ஓரம் 3 அங்குலத்துக்கு மிகாத, லாக் இல்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம், லாக் இருந்தால் தக்க காரணம் வேண்டும். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் வகையை வெளியே எடுத்துச் செல்லவே கட்டுப்பாடு உண்டு. நாட்டுக்கு நாடு இது மாறும்.

வெட்டிவிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள், கையை இதயத்துக்கு மேலே தூக்குங்கள், மோதிரத்தை உடனே கழற்றுங்கள், ஏனென்றால் வீங்கிய பிறகு கழற்றுவது கஷ்டம். விரலைச் சுற்றி ரப்பர் பேண்டோ நூலோ கட்ட வேண்டாம், எந்தப் பொடியும் தூவ வேண்டாம். ரத்தம் நின்றதும் இரண்டு சோதனை. ஒவ்வொரு விரலின் நுனிக் கணுவும், நடுக் கணுவும் தனித்தனியாக மடங்குகிறதா? விரல் நுனியின் இரண்டு ஓரமும் மற்ற விரல்களைப் போலவே தொடுவதை உணர்கிறதா? ஒன்றில் சந்தேகம் இருந்தாலும், காயம் ஒரு சென்டிமீட்டர் கூட இல்லை என்றாலும், அன்றைக்கே கை அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மடங்கினாலும் வலியோடு மடங்கினால் தசைநாண் பாதி அறுந்திருக்கலாம். தோலை மட்டும் தைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கழித்து வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது, அதற்குள் தசைநாணின் முனைகள் சுருங்கிப் பின்வாங்கிவிடும், ஒரே ஆபரேஷனில் முடிந்திருக்க வேண்டியது சிலருக்கு இரண்டாகிவிடுகிறது. அறுந்த நரம்பு சரியாகத் தைத்தாலும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், ஆகவே விரலின் அடியில் வெட்டுப்பட்டவருக்கு நுனி வரை உணர்வு வந்து சேர மாதங்கள் ஆகும். போகும்போது கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும், அந்தக் கத்தியால் அதற்கு முன் எதை வெட்டினீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.