பத்தாயம் நிறைந்த பிறகு

தக்கலையில் இருக்கும் பெரியம்மைக்குப் போன மழையில் மூன்று நாள் காய்ச்சல். வழக்கமாக வெறும் வயிற்றில் 140ஐத் தாண்டாத சர்க்கரை, அன்று 260 காட்டியது. விரல் நுனியைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே கேட்டார்: “கஞ்சியும் பயறும் அல்லாம ஒண்ணும் குடிக்கல்ல மக்ளே, பின்ன எப்பிடி ஏறிச்சு?”

நல்ல கேள்வி. தொப்பையின் கதையும் இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

கிருமி நுழைந்ததும் நோயெதிர்ப்புச் செல்கள் டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்களைச் சுரந்து ஊரெல்லாம் தகவல் அனுப்பும். கார்ட்டிசால், அட்ரினலின் ஹார்மோன்களும் ஏறும். எல்லாம் சேர்ந்து தசைக்கும் கல்லீரலுக்கும் போடும் உத்தரவு: கொஞ்ச நாளைக்கு இன்சுலின் பேச்சைக் கேட்காதே. தசை சர்க்கரையை எடுப்பதைக் குறைக்கும். கல்லீரல் தன் பங்குக்கு ரத்தத்தில் இறக்கிவிடும். அந்தச் சர்க்கரை வேண்டியிருப்பது சண்டைக்குப் போகிற செல்களுக்கு.

ஏன் சர்க்கரை? மழைநாளில் விறகடுப்பு பற்றவைத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காய்ந்த ஓலை சட்டென்று பிடித்து, படபடவென எரிந்து தீர்ந்துவிடும். சிரட்டைக் கனல் நின்று எரியும். அமைதியாக இருக்கும் மேக்ரோஃபேஜ், அதாவது கிருமிகளை விழுங்கும் பெருந்தின்னிச் செல், கொழுப்பைத் தன் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் இட்டு நிதானமாக எரிக்கிறது. அது சிரட்டை. கிருமியைக் கண்டதும் ஓலைக்கு மாறி, குளுக்கோஸைப் பாதியிலேயே உடைத்து விடுகிறது. முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்குச் சுமார் 30 ஏ.டி.பி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்) கிடைக்கும், இப்படி உடைத்தால் 2 தான். ஊதாரித்தனம் என்று தோன்றும். ஆனால் வேகம் கிடைக்கிறது, பாதியில் கிடைக்கும் துண்டுகள் புதுப் பொருள்களைச் செய்யவும் உதவுகின்றன.

காய்ச்சல் விட்டு ஒரு வாரத்தில் பெரியம்மையின் சர்க்கரை பழைய இடத்துக்கு வந்தது. இதே உத்தரவு, கிருமியே இல்லாமல், வருடக்கணக்கில் வந்துகொண்டிருந்தால்?

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் நெல் போட்டுவைக்கும் பத்தாயம் இருக்கும். கொழுப்புச் செல் அப்படிப்பட்டதுதான். மரச்சீனியோ பழம்பொரியோ, செலவானது போக மிச்சம் அங்கே போய்ச் சேரும். ஒல்லியான உடலில் அதைச் சுற்றி ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களும், சண்டையை அடக்கிவைக்கும் டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களும் இருந்து இடத்தை அமைதியாக வைத்திருக்கும். செல் ஊதி ஊதி 100 மைக்ரோமீட்டரைத் தாண்டும்போது, நுண்குழாயிலிருந்து வரும் ஆக்சிஜன் உள்ளே சரியாக எட்டாது. திணறும் செல் ஆள் கூப்பிடும். சில செல்கள் செத்தும் போகும்.

சமையலறை மூலையில் செத்துக்கிடக்கும் கரப்பானை எறும்புகள் வளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பருமனானவரின் கொழுப்புத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் அச்சு அசல் அதே காட்சி: நடுவில் செத்த செல்லின் எண்ணெய்த்துளி, சுற்றிலும் வட்டமாக மேக்ரோஃபேஜ்கள். ஒரே விழுங்கில் முடியாத பெரிய துளி. கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகின்றன. பார்க்க மகுடம் போலிருப்பதால் அந்தப் பெயராலேயே விஞ்ஞானிகள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

பருமனான எலிகளின் கொழுப்பில் டி.என்.எஃப் நிறைய உருவாவதை ஹோட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் என்ற விஞ்ஞானிகள் காட்டியது 1993இல்தான். அந்தக் கொழுப்பில் மேக்ரோஃபேஜ்கள் குவிந்திருப்பதை 2003இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அதுவரை கொழுப்பை வெறும் பத்தாயமாகவே பலரும் நினைத்திருந்தார்கள்.

டி.என்.எஃப் செய்யும் வேலை நுணுக்கமானது. இன்சுலின் வந்து செல்லின் கதவைத் தட்டும். செய்தியை உள்ளே எடுத்துச் செல்ல ஐ.ஆர்.எஸ்-1 என்ற புரதம் இருக்கிறது. டி.என்.எஃப்பின் தூண்டுதலால் அதன்மீது ஒட்டக்கூடாத இடத்தில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டால் செய்தி வாசலிலேயே நின்றுவிடும். கொழுப்பை உள்ளே பிடித்துவைப்பதும் இன்சுலின்தான் என்பதால், அதன் பேச்சு எடுபடாத செல்லிலிருந்து கொழுப்பு ஒழுகும். ஒழுகிய நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் மேக்ரோஃபேஜை இன்னும் கிளறும். நெல் திண்ணையிலும் அடுக்களையிலும் கொட்டிக் கிடப்பதுபோல, கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு சேரும். நம்மவர்களுக்குப் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் இப்படிச் சேர்வது அதிகம். அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். எடை மெஷினைவிட டேப்பை நம்பலாம் என்பது என் கட்சி.

அப்படியானால் நோயெதிர்ப்புச் செல்களின் இந்தக் கிளர்ச்சியை, அதாவது அழற்சியை, அடக்கினால் போதுமே? அதுவும் அவ்வளவு லேசில்லை. 1876லேயே ஜெர்மனியில் ஆஸ்பிரினுக்கு உறவான சாலிசிலேட் மருந்தை நீரிழிவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட அளவு மிக அதிகம், வீட்டில் செய்து பார்க்கும் காரியமல்ல. டி.என்.எஃப்பை மட்டும் தடுத்த மருந்து நீரிழிவு நோயாளிகளிடம் எலிகளில் தந்த பலனைத் தரவில்லை. கொழுப்புச் செல்களின் அழற்சியை முழுக்க அடக்கிய எலிகளிலோ கொழுப்புத் திசு ஒழுங்காக விரியாமல், கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் அழற்சி இருந்தால்தான் பத்தாயத்தையே பெரிதாக்க முடியும் போல. எடை குறைந்த எலிகளில் நோயெதிர்ப்புச் செல்கள் பழையதைச் சீக்கிரம் மறப்பதுமில்லை. எடை திரும்ப ஏறினால் முன்னைவிட மூர்க்கமாகக் கிளம்புகின்றன.

பெரியம்மையிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளந்தார். 93.

“டேப்பு பழசு மக்ளே, இழுபட்டுக் கெடக்கு” என்றார்.

இழுபட்ட டேப் குறைத்துத்தான் காட்டும் என்பதை நான் சொல்லவில்லை.