கை வலிக்கத் தள்ளியும் நாடி ஏன் 120ஐ தாண்ட மாட்டேங்குது?

கழுத்துல தண்டுவடம் அடிபட்ட ஒரு 30 வயசுக்காரர் வீல்சேரை வேகமா தள்ளிட்டு வர்றார்னு வைங்க. மூச்சு வாங்குது, ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேச முடியல, ஆனா கைல கட்டியிருக்க வாட்ச் 115ன்னு காட்டுது. ஜிம்ல சொல்ற கணக்குப்படி 220ல வயசைக் கழிச்சா 190 வரைக்கும் போகணும். பக்கத்துல நிக்கிற மச்சினன் "டபாய்க்காதீங்க மாமா, இன்னும் நல்லா தள்ளுங்க"ன்னு கத்துவான். மாமா டபாய்க்கல, வாட்ச்சும் ரிப்பேர் இல்ல.

இதயத்துக்கு ஒரு பிரேக் இருக்கு, ஒரு ஆக்சிலரேட்டர் இருக்கு. பிரேக் நரம்பு மூளையோட அடித்தண்டுல கிளம்பி கழுத்து வழியா நேரா இதயத்துக்கு வந்துடும், தண்டுவடத்துக்குள்ள அது போறதே இல்ல. ஆக்சிலரேட்டர் அப்படி இல்ல, தண்டுவடத்துக்குள்ளயே இறங்கி மார்புப் பகுதியோட மேல் பாகம் வரைக்கும் வந்து அங்கதான் வெளிய வந்து இதயத்துக்குப் போகுது. அதனால கழுத்துல முழுசா அறுந்துட்டா ஆக்சிலரேட்டர் ஒயர் கட், பிரேக் மட்டும் அப்படியே இருக்கும். இவர் உடற்பயிற்சி பண்றப்ப உடம்பால முடியறது பெரும்பாலும் பிரேக்ல இருந்து காலை எடுக்கறதுதான். பிரேக்கே இல்லன்னா இதயம் தானா ஓடுற ஐட்லிங் வேகம் நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 100. அதுக்கு மேல கொஞ்சம் ஏறி 110, 120, சிலருக்கு 130, அவ்வளவுதான். இடுப்புப் பக்கம் அடிபட்டவங்களுக்கு இந்தப் பிரச்சனை கிடையாது, அவங்க நாடி நம்மள மாதிரியே ஏறும்.

அதனால கழுத்துக்காரங்களுக்கு வாட்ச்சை நம்பி பிரயோஜனம் இல்ல, பேச்சை வெச்சுப் பாக்கணும். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதுதான் நடுத்தர வேகம். அடிபட்டு ஒரு வருஷம் தாண்டினவங்களுக்கு 2018ல வந்த சர்வதேச வழிகாட்டி, தெம்பு கூடணும்னா குறைஞ்சது வாரத்துக்கு 2 நாள் 20 நிமிஷம் மூச்சு வாங்குற பயிற்சி, அதோட வேலை செய்யற பெரிய தசை ஒவ்வொண்ணுக்கும் வாரம் 2 தடவை 3 செட்டு பண்ணச் சொல்லுது. சுகர், இதயம் இதுக்கெல்லாம் பலன் வேணும்னா வாரம் 3 நாள் 30 நிமிஷம். இவ்வளவுதானான்னு தோணும், ஆனா கட்டில்லயே கிடக்கறவங்களுக்கு இதுவே பெரிய தூரம்.

வேர்வையும் அதே ஆக்சிலரேட்டர் ஒயர்லதான் வருது. அடிபட்ட இடத்துக்குக் கீழ வேர்க்காது, இல்லன்னா ரொம்பக் கம்மியா வேர்க்கும், அதனால மே மாசம் மொட்டை மாடில பயிற்சி பண்ணா உடம்பு சூட்டை வெளிய தள்ள வழியில்லாம சுரம் மாதிரி ஏறிடும். ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிச்சுவிடறது நல்ல ஐடியா, ஆனா சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல தண்ணி காயவே காயாது, ஃபேனும் சேர்த்துப் போட்டாதான் வேலைக்கு ஆகும்.

அடுத்து சொல்றதை மட்டும் வீட்டுல எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். மார்புப் பகுதியோட 6வது நரம்பு அளவுலயோ அதுக்கு மேலயோ அடிபட்டிருந்தா, மூத்திரப்பை நிரம்பினாலோ யூரின் டியூப் மடங்கிக்கிட்டாலோ அந்தத் தொந்தரவு மூளைக்குத் தெரியாது, ஆனா கீழ இருக்க தண்டுவடத்துக்குத் தெரியும், அது பாட்டுக்கு ரத்தக்குழாயை எல்லாம் இறுக்கிடும், பிரஷர் கிடுகிடுன்னு ஏறும். மூளை பதறிப்போய் "தளர்த்து"ன்னு ஆர்டர் போட்டாலும் அது கீழ போய்ச் சேராது. தலை வெடிக்கற மாதிரி வலி, முகம் சிவந்து மேல் உடம்புல மட்டும் வேர்வை, இதெல்லாம் வந்தா படுக்க வைக்காதீங்க, நேரா நிமிர்த்தி உட்கார வெச்சு காலைத் தொங்கப்போட்டு, பெல்ட், இறுக்கமான துணியைத் தளர்த்தி டியூபைப் பாருங்க, பிரஷர் இறங்கலன்னா உடனே ஆஸ்பத்திரி. பயிற்சிக்கு முன்னாடி மூத்திரப்பையைக் காலி பண்ணச் சொல்றது இதுக்குத்தான். இதுல கூத்து என்னன்னா, பிரஷர் ஏறினா ஓட்டம் நல்லாருக்குன்னு சில வீல்சேர் வீரர்கள் வேணும்னே இதை வரவழைச்சுக்கிட்டாங்க, பாராலிம்பிக்ல இதுக்குத் தடை போட்டுட்டாங்க.

பாசத்துல பண்ற ஒரு தப்பும் இருக்கு. கழுத்துல 6வது நரம்பு வரைக்கும் வேலை செய்யறவங்களால மணிக்கட்டை மேல தூக்க முடியும், விரலை மடக்க முடியாது. ஆனா மணிக்கட்டைத் தூக்கினா விரல் நரம்புன்னு நாம சொல்ற தசைநார்கள் இழுபட்டு விரல் தானா மடங்கும், அந்தப் பிடியில டம்ளர் எடுக்கலாம், ஸ்பூன் பிடிக்கலாம். விரல் சுருங்கிப்போச்சேன்னு அம்மா தினமும் மணிக்கட்டையும் விரலையும் ஒண்ணா பின்னாடி வளைச்சு நீட்டி நீவிவிடுவாங்க, தசைநார் தளர்ந்துபோய் அந்தப் பிடியும் போயிடும். மணிக்கட்டு மடங்கியிருக்கப்பதான் விரலை நீட்டிவிடணும்.

தோள்பட்டைக்கு வருவோம். இது எட்டி எடுக்கறதுக்கான மூட்டு, உடம்பைத் தாங்குறதுக்கு இல்ல. வீல்சேர்ல இருக்கவங்க இதுலதான் "நடக்கறாங்க", கட்டில்ல இருந்து மாறுறதும் இதுலதான், அதனால சில வருஷத்துல வலி வந்துடுது. நாள் பூரா தள்ளிக்கிட்டே இருக்கவங்களுக்கு ஜிம்லயும் தள்ளுற பயிற்சியே குடுத்தா முன்பக்கத் தசை மட்டும் இறுகி தோள் முன்னாடி வளைஞ்சுடும். இழுக்கற பயிற்சிதான் வேணும். லுட்விக் குட்மான், ஹிட்லர் காலத்துல ஜெர்மனிய விட்டு இங்கிலாந்துக்கு ஓடிவந்த டாக்டர், அங்க ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரில தண்டுவட வார்டு நடத்தினவர், 1948 ஜூலை 29ல லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்குன அதே நாள் வீல்சேர்ல இருந்த 16 பேரை வெச்சு ஒரு போட்டி நடத்தினார், அது வில்வித்தை. நாணை இழுக்கறப்ப வேலை செய்யறது முதுகோட மேல்தசை, தோளைப் பின்னாடி பிடிச்சு வைக்கறதும் அதேதான். வில்லுக்கு எங்க போறதுன்னா, ஜன்னல் கம்பில எலாஸ்டிக் பேண்டைக் கட்டி முழங்கையைப் பின்னாடி கொண்டுபோய் இழுங்க, கைல பிடிக்க முடியாதவங்களுக்கு மணிக்கட்டுல துணி சுத்தி அதுக்கு மேல பேண்டை மாட்டிவிட்டாப் போதும்.