ஹிஜ்ரத்: சொல்லும் பொருளும்

நபிகள் நாயகம் அவர்கள் கி.பி. 622இல் மக்காவை விட்டு நீங்கி, அதற்கு வடக்கே 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த யத்ரிப் என்னும் ஊரில் குடியேறிய நிகழ்வை 'ஹிஜ்ரத்' என்னும் அரபுச் சொல் குறிக்கிறது. அந்த ஊரே பின்னர் 'நபியின் நகரம்' எனப் பெயர் பெற்று, சுருக்கமாக மதீனா ஆயிற்று. சொல்லின் இறுதி எழுத்தை அரபியர் நிறுத்திப் படிக்கும்போது 'ஹிஜ்ரா' என ஒலிக்கும். தமிழ் முஸ்லிம்கள் ஜகாத் (கட்டாயக் கொடை), ரக்அத் (தொழுகையின் ஓர் அலகு) என்பவற்றைப் போலவே இதையும் தகர மெய்யோடு வழங்கி வருகின்றனர்.

ஹ, ஜ, ர என்னும் மூன்று மெய்களால் ஆன வேருக்கு அடிப்படைப் பொருள் பயணம் அன்று. விட்டு விலகுதல், தொடர்பை அறுத்துக்கொள்ளுதல் என்பதே. குர்ஆனில் மிகத் தொடக்கத்தில் அருளப்பட்டவற்றுள் ஒன்றாகக் கருதப்படும் 74ஆம் அத்தியாயத்தின் 5ஆம் வசனம், அசுத்தத்தை விட்டு விலகுமாறு நபியவர்களுக்குக் கட்டளையிடும்போது இதே வேரில் பிறந்த வினையைத்தான் ஆள்கிறது. அங்கே ஊர் மாறுவது பற்றிய பேச்சே இல்லை.

இந்தப் பொருளை மனத்தில் கொள்ளாவிட்டால் நிகழ்வின் கனம் புரியாது. மக்காவில் ஒருவருடைய உயிருக்கும் உடைமைக்கும் காவலாக இருந்தது அவருடைய குலமே. இறைவன் ஒருவனே, அவனன்றி வணக்கத்துக்குரியவர் வேறில்லை என்னும் தவ்ஹீதுக் கொள்கை, மக்காவின் வணக்கத்தலமான கஅபாவைச் சூழ்ந்திருந்த சிலைகளையும், அவற்றைச் சார்ந்திருந்த குறைஷியர் என்னும் செல்வாக்குமிக்க குலத்தாரின் மதிப்பையும் ஒருசேர அசைத்தது. துன்புறுத்தல் கடுமையானபோது முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் 615ஆம் ஆண்டளவில் செங்கடலைக் கடந்து, அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியப் பகுதி) கிறித்தவ மன்னர் நஜாஷியிடம் அடைக்கலம் புகுந்தனர். இதுவும் ஹிஜ்ரத் என்றே அழைக்கப்படுகிறது. 619இல் துணைவியார் கதீஜாவும், நபியவர்களுக்குக் குலக்காவல் அளித்துவந்த பெரிய தந்தை அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த பின், மக்காவில் தங்குவதே அரிதாயிற்று.

ஐரோப்பியர் எழுதிய வரலாறுகள் நெடுங்காலம் இந்நிகழ்வைத் 'தப்பி ஓடுதல்' என்று சித்தரித்தன. தமிழில் 'ஓட்டம்' என எழுதுவோரும் உண்டு. இது பிழையான வழக்கு என்பதே என் துணிபு. யத்ரிபின் அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தார் 621இலும் 622இலும் அகபா என்னுமிடத்தில் நபியவர்களைச் சந்தித்து உறுதிமொழி அளித்திருந்தனர். இரண்டாம் முறை வந்தவர்கள் 73 ஆண்களும் 2 பெண்களும் என்று மரபு வரலாறு கூறுகிறது. தோழர்கள் சிறு சிறு குழுக்களாக முன்னரே சென்றுவிட்டனர். நபியவர்களைக் கொல்லக் குறைஷியர் சூழ்ந்த இரவில் அபூதாலிபின் மகன் அலி அவர்கள் நபியவர்களின் படுக்கையில் படுத்திருந்ததும், நபியவர்களும் நெருங்கிய தோழர் அபூபக்ர் அவர்களும் வடக்கே செல்லாமல் தெற்கே இருந்த ஸவ்ர் குகையில் மூன்று நாள் தங்கியதும், அப்போது முஸ்லிமாகாத அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரை வழிகாட்டியாக அமர்த்தியதும், ஆபத்துக்கிடையிலும் முன்னேற்பாட்டோடு நடந்த பயணம் இது என்பதைக் காட்டுகின்றன.

மதீனாவில் புலம்பெயர்ந்தோர் 'முஹாஜிர்கள்' எனவும், அவர்களை ஏற்றுக்கொண்டோர் 'அன்சார்கள்', அதாவது உதவியாளர்கள் எனவும் பெயர் பெற்றனர். இருசாராரையும் இருவர் இருவராகச் சகோதரராக்கியது, இரத்த உறவின் இடத்தில் நம்பிக்கை உறவை வைத்த செயலாகும். தம் செல்வத்தில் பாதியைத் தர அன்சாரிச் சகோதரர் முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அவர்கள் நன்றி கூறிவிட்டுச் சந்தைக்கு மட்டும் வழி கேட்டார்கள். பாங்கு (தொழுகைக்கான அழைப்பு), ரமலான் நோன்பு, கஅபாவை நோக்கித் தொழுதல் ஆகியவை மதீனாவிலேயே நடைமுறைக்கு வந்தன. குர்ஆன் அத்தியாயங்களை மக்கீ (மக்காவுக்குரியவை), மதனீ (மதீனாவுக்குரியவை) எனப் பிரிக்கும்போதும் அருளப்பட்ட இடத்தைவிட ஹிஜ்ரத்துக்கு முன்னா பின்னா என்பதே பெரும்பாலான அறிஞர்கள் கொள்ளும் அளவுகோல்.

ஹிஜ்ரத்தைச் சார்ந்தது 'ஹிஜ்ரி' என்னும் இஸ்லாமிய ஆண்டுக்கணக்கு. நபியவர்களுக்குப் பின் ஆட்சித்தலைவராக (கலீஃபாவாக) இருந்த உமர் அவர்கள் ஹிஜ்ரி 17ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கணக்கை ஏற்படுத்தியபோது, இந்நிகழ்வையே தொடக்கமாகக் கொண்டார்கள். எனினும் ஆண்டின் முதல் நாளாகிய முஹர்ரம் 1, அதாவது 622 ஜூலை 16, நபியவர்கள் மதீனாவை அடைந்த நாள் அன்று. அவர்கள் சென்றது ரபீஉல் அவ்வல் மாதத்தில். இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பரவலான மயக்கம்.

1600களில் வாழ்ந்த உமறுப்புலவர், சீறாப்புராணத்தின் மூன்றாம் காண்டத்துக்கு ஹிஜ்ரத்துக் காண்டம் என்றே பெயரிட்டு, அரபுச் சொல்லைத் தமிழ்ச் சாரியையோடு இணைத்தார். தமிழ்ச் சொல்லே வேண்டுமெனில் 'புலம்பெயர்வு' பொருத்தமானது. 'புலம்பெயர் மாக்கள் கலந்தினி துறையும்' என்று பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுமிடத்தில், பெயர்தலோடு புதிய இடத்தாரோடு கலந்து வாழ்தலும் சேர்ந்தே வருகிறது. 'இடம்பெயர்வு' இன்று வெள்ளத்துக்கும் போருக்கும் அஞ்சி நகர்வதையே பெரிதும் சுட்டுவதால் அது பொருந்தாது. ஆயினும் புலம்பெயர்வில் 'அறுத்துக்கொள்ளுதல்' என்னும் வேர்ப்பொருள் இல்லை. 'துறத்தல்' அதைத் தரும், ஆனால் துறவறத்தை நினைவூட்டிவிடும். எனவே 622ஆம் ஆண்டு நிகழ்வுக்கு ஹிஜ்ரத் என்பதையே வைத்து, அச்சொல் முதன்முதலில் வருமிடத்தில் புலம்பெயர்வு என விளக்கிச் செல்வது நன்று. இறைவன் தடுத்தவற்றை விட்டு விலகுபவரே முஹாஜிர் என்னும் நபிமொழியை மொழிபெயர்க்கும்போது மட்டும், 'புலம்பெயர்ந்தவர்' என்பதைக் கைவிட்டு 'துறந்தவர்' என்று எழுதலாம்.