பச்சைக் கண்ணாடிக்குள் நைல் மணல்

எகிப்தின் பூர்வீகக் கிறித்தவர்களான காப்டுகளின் காலத்துக் கண்ணாடி, அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் உடைசலாகத்தான் இருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பு, தேவாலயத்தில் தொங்கிய எண்ணெய் விளக்கின் அடிப்பாகம், அவ்வளவுதான். கி.பி. 4-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய சில்லுகள் பலவற்றில் மங்கலான மஞ்சள் கலந்த பச்சை தெரியும். அந்த அழகில்லாத நிறம்தான் ஆய்வாளர்களுக்கு முதல் துப்பு.

மணல் தனியாக உருக 1700 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தக் கால உலைகள் அவ்வளவு சூட்டுக்கு எங்கே போகும்? அதனால் எகிப்தின் வாடி நட்ரூன் பள்ளத்தாக்கு போன்ற இடங்களின் ஏரிகள் வற்றும்போது படியும் நேட்ரான் என்ற சோடா உப்பைச் சேர்த்தார்கள். சுமார் 1100 டிகிரியிலேயே கலவை உருகிவிடும். (காப்டிக் துறவிகளின் புகழ்பெற்ற மடங்களும் அதே பள்ளத்தாக்கில்தான் இன்றும் இருக்கின்றன.) மணலில் கலந்த கிளிஞ்சல் தூளின் சுண்ணாம்பு, கண்ணாடி தண்ணீரில் கரையாமல் காத்தது.

பச்சைக்குக் காரணம் மணலிலிருந்த இரும்பு. அதோடு டைட்டானியமும் வரும். எத்தியோப்பிய மலைகளிலிருந்து நைல் அடித்து வரும் கனமான தாதுத் துகள்களில் இவை இரண்டும் உண்டு. நைல் மணல் கடலோரமாகப் பாலஸ்தீனம் வரை நகர்கிறது. ஆனால் போகும் வழியிலேயே கனமான துகள்கள் கழிந்துவிடும். ஆகவே டைட்டானியம் கூடுதலாக இருந்தால் மணல் எகிப்துடையது, குறைவாக இருந்தால் பாலஸ்தீனக் கடற்கரையுடையது என்று கணிக்கலாம். பாத்திரம் எங்கே ஊதப்பட்டது என்பது வேறு கேள்வி. பெரிய உலைகளில் உருக்கிய கண்ணாடியைக் கட்டிகளாக உடைத்துத் தொலைதூரப் பட்டறைகளுக்கு விற்றார்கள்.

அளப்பதற்கு லேசரால் தலைமுடி அகலத்துக்குக் குழி போட்டு, கிளம்பும் ஆவியைத் தனிமங்களைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானிக்கு அனுப்பினால் போதும். மேற்பரப்பை மட்டும் எக்ஸ்-கதிரால் பார்த்தால் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. மண்ணின் ஈரம் சோடியத்தைக் கரைத்து எடுத்துவிட, சிலிக்கா மட்டும் மெல்லிய அடுக்குகளாக மிஞ்சியிருக்கும். பார்வையாளர்கள் வியக்கும் வானவில் பளபளப்பு அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருவதுதான். அதாவது, கண்ணாடி அரித்துப்போனதன் அடையாளம்.

இன்னொரு சிக்கல் மறுசுழற்சி. நிறம் நீக்க ஒரு காலத்தில் ஆன்டிமனி போட்டார்கள், பிறகு மாங்கனீசு. ஒரே சில்லில் இரண்டும் கலந்திருந்தால் பழைய கண்ணாடியை உடைத்துப் போட்டு உருக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட சில்லுக்கு ஒரே பிறப்பிடத்தை எழுதினால் அது தப்புக்கணக்கு.